குமிழ் ஒரு பக்கம், காது ஒரு பக்கம்

கணினிக்கு ஐந்து ஸ்பீக்கரும் ஒரு பேஸ் பெட்டியும் வாங்கி மாட்டியவர்கள் பழுதுபார்ப்பவரிடம் சொல்லும் முதல் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: பின்னால் வைத்த இரண்டும் பேசவில்லை. தொழில் பழகிய ஆள் ஸ்பீக்கரைத் திறந்து பார்க்க மாட்டார். கணினியின் முதுகுப்பக்கம் போவார். முன் ஸ்பீக்கருக்குப் பச்சை, பின் ஸ்பீக்கருக்குக் கறுப்பு, நடு ஸ்பீக்கருக்கும் பேஸ் பெட்டிக்கும் ஆரஞ்சு என்று கணினித் தொழிலில் நிலைபெற்ற வண்ணங்களின்படி கம்பிகள் செருகப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பார். பிறகு மென்பொருளில் இரண்டு ஸ்பீக்கர் என்று விட்டிருக்கிறதா, ஆறு என்று மாற்றியிருக்கிறதா என்று பார்ப்பார். அதுவும் சரி என்றால் ஓடுகிற பாட்டையே சந்தேகிப்பார். இரண்டே தடத்தில் பதிவான பாட்டு ஆறு வாயால் பேசாது. ஆக, சத்தம் வரும் இடத்தில் பழுது இருப்பது அரிது. அதற்குப் பின்னால் நீளும் வழியில் எங்கோதான் இருக்கும். வாயிலிருந்து புறப்பட்டு மூலத்தை நோக்கிப் பின்னால் நடப்பதுதான் இந்தத் தொழிலின் முறை. மலேசியாவின் கெடா மாநிலத்துத் தமிழர்களின் கடந்த நூற்றாண்டையும் இதே முறையில் ஆராய்ந்து பார்க்கலாம். ஏனென்றால் அவர்களைப் பற்றி நெடுங்காலமாகச் சொல்லப்படும் ஒரு குறை, ஸ்பீக்கரோடு நின்றுவிட்ட ஆராய்ச்சியின் முடிவு. தோட்டத்து ஆட்களுக்குச் சத்தம் வேண்டும், காது கிழிந்தால்தான் திருவிழா என்று நினைப்பார்கள் என்பதே அந்தக் குறை. அந்தச் சத்தத்துக்குக் காரணம் ரசனை அன்று என்பது என் வாதம். தோட்டத்தில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கை ஓரிடத்திலும் அதைக் கேட்கும் காது வேறிடத்திலும் இருந்தன. இந்த இடைவெளிதான் பழுது.

1909ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் கெடா சயாமின் மேலாட்சியிலிருந்து பிரிட்டிஷ் மேலாட்சிக்கு மாறியது. அதையடுத்த ஆண்டுகளில் தென் கெடாவின் சுங்கை பட்டாணி, பீடோங், பாடாங் செராய், கூலிம் வட்டாரங்கள் பால்மரக் (ரப்பர்) காடுகளாயின. காட்டைத் திருத்தவும் பால் வெட்டவும் வந்தவர்களில் பெரும்பகுதியினர் கங்காணி கூட்டிவந்த தமிழர்கள். பால் அதிகாலைக் குளிரில்தான் நன்றாக இறங்கும்; வெயில் ஏறினால் நின்றுவிடும். எனவே இருட்டோடு ஆட்களை எழுப்பிப் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, நிறுத்த ஒரு சத்தம் தேவைப்பட்டது. தோட்டத்துக்குத் தோட்டம் அது மாறும்: ஓரிடத்தில் மணி, ஓரிடத்தில் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு, ஓரிடத்தில் தப்பு என்னும் பறை. எதுவானாலும் ஏற்பாடு ஒன்றுதான். அடிப்பவர் மேற்பார்வையாளரான தண்டலுக்குக் கட்டுப்பட்டவர், தண்டல் கணக்கரான கிராணிக்கு, கிராணி தோட்ட நிர்வாகியான துரைக்கு. லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், படுத்திருப்பவருக்கு அதை நிறுத்தவோ தள்ளிப்போடவோ வழியில்லை. தோட்டத்தில் பொதுவாக ஒலித்த முதல் சத்தமே கேட்பவரின் கைக்கு எட்டாத சத்தம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். தப்பு துரை கொண்டுவந்த பொருள் இல்லையே. ஊரிலிருந்து கூடவே வந்த தோற்கருவி, அதுவும் உரத்ததுதானே? உறுமி மேளமும் அப்படித்தானே? மின்சாரம் வருவதற்கு முன்பே இந்த மக்களின் கொண்டாட்டம் பேரொலியாகத்தானே இருந்தது? உண்மைதான். ஆனால் சாமி புறப்பாட்டில் ஒலிக்கும் தப்பை உற்றுக் கவனித்தால் வித்தியாசம் தெரியும். தோலைத் தீயில் வாட்டி ஏற்றிக்கொள்பவரே அடிக்கிறார். அடிப்பவர் கூட்டத்தின் நடுவில் நிற்கிறார். ஆடுபவரின் காலைப் பார்த்து வேகத்தைக் கூட்டுகிறார், சாமி இறங்கியதும் நிறுத்துகிறார். ஊர்வலம் நகரும்போது ஒலியும் கூடவே நகர்ந்து, ஒரு லயத்தைத் தாண்டியதும் அங்கே அடங்கிவிடுகிறது. உரத்த சத்தம் வேறு, ஓயாத சத்தம் வேறு. தப்படிப்பவர் தம் காதாலேயே தம் கையை அளந்துகொள்கிறார். இந்த அளவுகோல் இயந்திரம் வந்தபோதுதான் கழன்றது.

இயந்திரம் முதலில் வானொலியாக வந்தது. 1934இல் பினாங்கு வானொலிக் கழகம் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளிலும் ஒலிபரப்பத் தொடங்கியது. ஜலசந்திக்கு அப்பால் சிறிது தூரத்திலேயே கெடா; அலை எட்டியிருக்கும். ஆனால் வானொலிப் பெட்டி வாங்கும் வசதி பங்களாவுக்கு உண்டு, லயத்துக்கு இல்லை. ஜப்பானியர் ஆட்சியில் சிற்றலை கேட்பதே குற்றமானது. போருக்குப் பின் 1946இல் மலாயா வானொலி முறையாக எழுந்தது. அதே 1946-47இல் பீடோங் பக்கம் ஹார்வார்டு தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ.எம்.சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடைகளுக்கு எதிராகத் தொடங்கி வேலைநிறுத்தங்களாக வளர்ந்தது. 1947இல் காவல்துறையோடு மோதலும் உயிரிழப்பும் நேர்ந்தன. தோட்டத்திலிருந்து தோட்டத்துக்குச் செய்தி பரவ இயந்திரம் ஏதும் தேவையில்லை என்பதை அரசு அப்போதே உணர்ந்திருக்க வேண்டும். 1948 ஜூனில் கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டத்தை அடக்க அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பிறகு அரசின் குரல் தோட்டத்துக்குள்ளேயே வர வேண்டிய நிர்ப்பந்தம் உண்டாயிற்று. அப்படிப் பிறந்ததுதான் சமூக வானொலி. மக்களை இடம்பெயர்த்துக் குடியேற்றிய புதுக்கிராமங்களிலும் மலாய்ச் சிற்றூர்களான கம்பங்களிலும் தோட்டங்களிலும் பொது இடத்தில் ஒரு பெட்டி, அதோடு ஓர் ஒலிபெருக்கி, அவரவர் மொழியில் நிகழ்ச்சி.

பிரிட்டிஷ் ஆட்சி அந்த ஆண்டுகளில் இதே சிக்கலுக்கு வேறொரு விடையும் கண்டது. மத்திய ஆப்பிரிக்காவில் 1949இல் சட்டிப்பானை வடிவத்தில் மலிவான மின்கல வானொலியைச் செய்து வீட்டுக்கு வீடு விற்றார்கள். அங்கே குமிழ் கேட்பவர் கைக்கே போனது. மலாயாவின் பொதுப் பெட்டியோ பூட்டும் பொறுப்பாளரும் உள்ள இடத்தில் இருந்தது. யார் திறப்பது, எந்த நிலையம், எவ்வளவு சத்தம் என்பதெல்லாம் அவர் பாடு. இதைச் சதி என்று சொல்ல வரவில்லை. வால்வு வானொலிக்கு இழை சூடாக ஒரு மின்கலம், உயர் அழுத்தத்துக்கு இன்னொரு மின்கலம் என்று செலவு அதிகம். மழைக்கும் பூச்சிக்கும் தப்பவைக்க ஓர் ஆளும் வேண்டும். செய்தியும் பாட்டும் நாடகமும் தமிழில் கேட்கக் கிடைத்தது சிறிய நன்மையும் அன்று. மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் பலருக்கு வானொலியே முதல் மேடை. இருந்தாலும், பெட்டி கரகரத்தால் கேட்பவர் செய்யக்கூடியது எழுந்து போவது மட்டுமே. அலையைத் திருத்தி வைக்கிற உரிமை அவருக்கு இல்லை.

இந்த இடைவெளி உச்சத்தைத் தொட்டது ஆகாயத்தில். 1950களில் விமானத்தில் ஒலிபெருக்கிகளைக் கட்டி, காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளைச் சரணடையச் சொல்லி முழங்கினார்கள். கூலிம், பாலிங் காடுகளும் போராளிகள் நடமாடிய பகுதிகள்தாம். பழுதுபார்ப்பவர் கண்ணோடு இந்த விமானத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஒலிபெருக்கிக்குப் பக்கத்திலேயே அதைவிட உரத்த இயந்திரம் உறுமுகிறது. பேசும் வாய் நகர்ந்துகொண்டே இருப்பதால் கீழே நிற்பவர் காதில் சில வினாடிகள் மட்டுமே விழும்; எனவே ஒரே சிறு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். மெதுவாகப் பறக்கக்கூடிய டகோட்டா விமானங்கள் இதற்குப் பொருத்தமாகக் கருதப்பட்டதற்கு அதுதான் காரணம். சொன்னது கேட்டதா என்று பேசியவருக்குத் தெரிய வழியே கிடையாது. 1955 டிசம்பர் 28, 29 தேதிகளில் மலாயாவின் முதலமைச்சர் துங்கு அப்துல் ரஹ்மானும் கம்யூனிஸ்டுக் கட்சித் தலைவர் சின் பெங்கும் சந்தித்தபோது, கெடாவின் பாலிங்கில் ஒரு பள்ளிக்கூட அறைக்குள் மேசையைச் சுற்றி உட்கார்ந்துதான் பேசினார்கள். பேச்சு முறிந்துபோனது வேறு கதை. ஒருவர் சொன்னது மற்றவர் காதில் விழுந்ததில் மட்டும் குறை இருக்கவில்லை.

இனி கோயில் திருவிழா. சத்தப் பழி முழுக்க விழுந்தது அங்கேதான் என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும். தோட்டத்துக் கோயிலில் மரத்திலோ கம்பத்திலோ கட்டிய குழல் ஒலிபெருக்கியை ஏன் தேர்ந்தார்கள்? இன்று நாம் வீட்டில் வைத்திருக்கும் காகிதக் கூம்பு ஸ்பீக்கரை ரைஸ், கெல்லாக் என்ற இரு பொறியாளர்கள் 1925இல் உருவாக்கிக் காட்டினார்கள். இனிமையாகப் பேசும், ஆனால் ஊட்டிய மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்கைத்தான் ஒலியாகத் தரும், மீதி சூடாகப் போகும். உலோகக் குழல் பூட்டிய ஒலிபெருக்கி அதைப்போலப் பல மடங்கு ஒலி தரும். விலையாகப் பேஸையும் இனிமையையும் வாங்கிக்கொள்ளும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கோயிலிலிருந்து 200 மீட்டர் தள்ளியிருக்கும் கடைசி லயத்தில் 70 டெசிபல் அளவில், அதாவது உரக்கப் பேசும் அளவில், பூசை கேட்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். திறந்தவெளியில் தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும். அப்படியானால் ஒலிபெருக்கியின் வாயிலிருந்து ஒரு மீட்டரில் 116 டெசிபல் புறப்பட வேண்டும். ஒரு வாட்டுக்கு 106 டெசிபல் தரும் குழலுக்கு இதற்குப் பத்து வாட் போதும். ஒரு கார் பேட்டரி சமாளிக்கும். ஒரு வாட்டுக்கு 90 டெசிபல் தரும் சாதாரண ஸ்பீக்கருக்கோ ஏறக்குறைய 400 வாட் வேண்டும். அந்த மின்சாரத்துக்குத் தோட்டத்தில் எங்கே போவது? பல தோட்டங்களில் மின்சாரம் என்பதே தொழிற்கூடத்து டீசல் ஜெனரேட்டர் மாலையில் சில மணி நேரம் தருவதுதான். ஆகக் குழலைத் தேர்ந்தது மின்சாரப் பஞ்சம்.

அந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கடைசி லயத்தில் 70 டெசிபல் கேட்கும்போது, கோயில் வாசலில் பத்து மீட்டர் தள்ளி நிற்பவர் காதில் 96 டெசிபல் அறையும். அவருக்கு அது வாதை, லயத்துக் கிழவிக்கு அதுவே அழைப்பு. ஒரே வாயால் ஊர் முழுக்கப் பேசவேண்டும் என்றால் பக்கத்தில் இருப்பவர் செவிடாவது தவிர்க்க முடியாதது. இதற்கு மாற்று, இருபது மீட்டருக்கு ஒன்றாகச் சின்ன ஸ்பீக்கர்களை வழியெங்கும் தொங்கவிடுவது. ஒவ்வொன்றுக்கும் நான்கு வாட் போதும், யார் காதும் நோகாது. ஆனால் ஸ்பீக்கர்கள் பல வேண்டும், நூற்றுக்கணக்கான மீட்டர் கம்பி வேண்டும், அந்தக் கம்பியை லயத்துச் சுவர்களில் அடிக்க நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். வரிப்பணம் பிரித்து மூன்று நாள் திருவிழா நடத்துபவர்களால் ஆகிற காரியமா? அவர்கள் செய்யக்கூடியது இன்னொரு குழலை எதிர்ப்பக்கம் திருப்பிக் கட்டுவது. அங்கே அடுத்த பழுது பிறக்கும். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். ஒரு குழலைவிட மற்றது 170 மீட்டர் தள்ளியிருந்தால், அதன் சொல் அரை வினாடி பிந்திவந்து முதல் குழலின் அடுத்த சொல்லின் மேல் விழும். பாட்டென்றால் எதிரொலி என்று பொறுத்துக்கொள்ளலாம். அறிவிப்பு என்றால் ஒன்றும் புரியாது. புரியவில்லை என்றதும் மைக்கைப் பிடித்தவர் இன்னும் கத்துவார். ஜெனரேட்டரில் சுமை ஏறி வேகம் தளர்ந்தால் இசைத்தட்டு சுழலும் மோட்டாரும் தளர்ந்து பாட்டு இழுத்துக்கொண்டு போகும். மின்னழுத்தம் விழுந்த பெருக்கியை முழுக்கத் திருகினால் அலையின் முனை வெட்டுப்பட்டுக் கரகரக்கும். அதைத்தான் நாம் கேட்டுவிட்டு நாராசம் என்றோம். இத்தனைக்கும் நடுவில் மைக் செட்காரர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்? குழல்களுக்குப் பின்னால், பெருக்கிக்குப் பக்கத்தில். குழல் முன்பக்கம்தான் வீசும். லயத்துக்காரர் கேட்பது எதையும் அவர் கேட்பதில்லை.

இது தோட்டத்துக்கு மட்டும் உரியதல்ல, தமிழ்நாட்டுக் கிராமத்திலும் குழாய் ரேடியோதானே முழங்கியது, கெடாவின் மலாய்க் கம்பங்களிலும் பள்ளிவாசல் கோபுரத்தில் குழல்கள் தானே என்று கேட்கலாம். என் வாதத்துக்கு அது துணையே ஒழிய மறுப்பு இல்லை. மின்சாரம் குறைவாகவும் பரப்பு அகலமாகவும் இருந்த இடமெல்லாம், இனமும் மதமும் எதுவாயினும், குழலையே கட்டினார்கள். 1934இல் கோபே நகரில் தொடங்கிய ஜப்பானிய நிறுவனமான டோவாவின் குழல்கள் இந்த வட்டாரத்தில் எல்லா மதத்தாருக்கும் பொதுவாயின. இந்தோனேசியாவில் ஒலிபெருக்கிக்கு அந்த நிறுவனத்தின் பெயரே வழங்குகிறது. ஒரே கருவியைப் பலரும் பயன்படுத்தும்போது ஒருவரை மட்டும் சத்தப்பிரியர் என்பது எந்த நியாயம்?

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. பஞ்சம் தீர்ந்த பிறகும் சத்தம் தீரவில்லையே? பட்டணத்தில் தட்டுப்பாடில்லாமல் மின்சாரம் இருக்கிறது, பேஸ் பெட்டிகளை அடுக்கிவைக்கக் காசும் இருக்கிறது; தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல்களில் பாட்டுச் சத்தம் இன்னும் ஆண்டுதோறும் சர்ச்சையாகிறதே? இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். குழலில் கேட்டு வளர்ந்த காதுக்கு மெல்லிய ஒலி சப்பென்றிருக்கும். பழக்கம் ரசனையாக உறைந்துவிடுவது உண்டு. மறுபாதி இட அமைப்பின் விளைவு. அடுத்தடுத்து நிற்கும் பந்தல்கள் ஒன்றின் ஒலி மற்றதை மறைக்க, இவர் கூட்ட, அவர் கூட்ட, கடைசியில் யாருடைய பாட்டும் தெளிவாகக் கேட்பதில்லை. அங்கேயும் குமிழைப் பிடித்திருப்பவர் பந்தலுக்குள் நிற்கிறார். இரண்டு பாட்டையும் சேர்த்துக் கேட்பவர் சாலையில் காவடியோடு போகிறார்.

டிரான்சிஸ்டர் வானொலி 1950களின் நடுவில் உலகச் சந்தைக்கு வந்து, அடுத்த பதினைந்து, இருபது ஆண்டுகளில் லயத்து வாசலுக்கும் வந்தது. அதோடுதான் குமிழ் முதல்முறையாகக் கேட்பவர் கைக்குச் சேர்ந்தது. கேசட் வந்தபின் எந்தப் பாட்டு என்பதையும் அவரே தீர்மானித்தார். ஒலி சிறிதானது, இனிமையானது. சத்தம்தான் அவர்களுடைய ரசனை என்றால், ஒரு வாட்டுக்கும் குறைவாகப் பேசும் அந்தக் கைப்பெட்டியை அத்தனை பேர் தலைமாட்டில் வைத்துக் கேட்டதற்கு என்ன விளக்கம்?

பிறகு தோட்டங்களே கலைந்தன. பால்மரம் சாய்ந்து செம்பனை எழுந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். துண்டாடப்பட்டவை சில, வீடமைப்புக்குப் போனவை சில. பிள்ளைகள் சுங்கை பட்டாணிக்கும் கூலிமுக்கும் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. அதற்கும் முன்பிருந்தே சுங்கை பட்டாணியின் பக்கார் ஆராங் தொழிற்பேட்டையில் ஷார்ப்-ராக்சி தொழிற்சாலை ஒலிக்கருவிகளைச் செய்துவந்தது. பின்னர் அது ஷார்ப், ஒன்கியோ இரண்டின் கூட்டில் எஸ் அண்ட் ஓ என்ற பெயரில் நடந்தது. வரவேற்பறையில் ஐந்து பக்கமும் ஒலிபிரித்துத் தரும் பெருக்கிகள் இங்கிருந்து உலகச் சந்தைக்குப் போயின. ஊர் முழுக்க ஒரே குழலால் கேட்ட நிலத்திலிருந்து, ஓர் ஆளுக்கு ஆறு வாய் வைக்கும் கருவி கப்பலேறியது. பெரிய முரண் என்று இதை அலங்கரிக்க வேண்டியதில்லை. மலிவான உழைப்பைத் தேடிப் பால்மரம் வந்ததைப் போலவே மின்னணுத் தொழிலும் வந்தது.

1995இல் வெளியான குருதிப்புனல் திரைப்படம் டால்பி ஒலியைத் தமிழ்த் திரைக்குக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். கொட்டகையில் பின்பக்கம் கேட்ட சத்தத்தை வீட்டிலும் கேட்க ஆசை வந்தது. ஆனால் அந்த ஆண்டுகளில் மலேசியத் தமிழ் வீடுகளில் ஓடியது விசிடி. அதில் இடம், வலம் என்று இரண்டே தடம். ஆறு ஸ்பீக்கரையும் அதோடு கோத்தால் பின்னவை ஊமையாக இருக்கும், இல்லையேல் முன்னவை பேசுவதையே திருப்பிச் சொல்லும். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. மூலத்தில் இல்லாததை வாய் எப்படிச் சொல்லும்? டிவிடி வந்து அந்தக் குறை தீர்ந்தபோது வீடு குறுக்கே நின்றது. முன் ஸ்பீக்கர்கள் நடுவிலிருந்து முப்பது பாகை விலகியும், பின்னவை நூறு முதல் நூற்றிருபது பாகைக்குள்ளும் இருக்க வேண்டும். கேட்பவர் அந்த வட்டத்தின் நடுவில் உட்கார வேண்டும். இருபதடி அகலத் தொடர்வீட்டுக் கூடத்தில் ஒரு பக்கம் சாமி மேடை, ஒரு பக்கம் படிக்கட்டு, பின்னால் அடுக்களைக்குப் போகும் வழி. வலது பின் ஸ்பீக்கர் அலமாரி மேல் ஏறும், இடது கதவுக்குப் பின்னால் ஒளியும். ஐந்து பேர் உட்காரும் கூடத்தில் நடு நாற்காலி ஒருவருக்குத்தான். மற்ற நால்வரும் சரியாகக் கேட்பதில்லை.

அந்த ஒருவர் கையில் குமிழ் இருக்கிறது, காதும் அதே இடத்தில் இருக்கிறது. பெரட்டு மணியிலிருந்து விமானம்வரை, கோயில் குழல்வரை பிரிந்தே இருந்த இரண்டும் இங்கே ஒன்றுசேர்ந்தன என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் தொடர்வீட்டில் பக்கத்து வீட்டுக்கும் இதற்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். பேச்சையும் பாட்டின் மேல்சுரங்களையும் அது ஓரளவு தடுக்கும். பேஸ் பெட்டி அனுப்பும் நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழான அலைக்கு அந்தச் சுவர் ஒரு பொருட்டே இல்லை. பழைய லயத்தில் கூரைவரை எட்டாத பலகைத் தடுப்புக்கு அப்பால் இருமினாலும் கேட்கும். ஆனால் யார் இருமினார் என்று தெரியும், காலையில் விசாரிக்கலாம். இந்தச் சுவருக்கு அப்பால் இருப்பவருக்குப் படத்தின் வசனமும் இசையும் வந்து சேர்வதில்லை. இடி மட்டும் வந்துகொண்டிருக்கும், எப்போது முடியும் என்பதும் தெரியாது.